கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைக்குக் கல்லாப்பெட்டியும் தெரிய வேண்டும்

வணிகப் பெருமக்களுக்கு இந்தத் தலைப்பு சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடத்தை எப்படி நடத்துவது என்பது பேராசிரியர்கள் பாடு. துவரம்பருப்பு விலையும் பாமாயில் விலையும் ஏறி இறங்கும் கவலையில் இருக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை இருக்கிறது. இன்று நம் கடையில் பில் போடுவது கம்ப்யூட்டர். எடை போடுவது எலக்ட்ரானிக் தராசு. வாடிக்கையாளர் செல்போனில் அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது என்று சொல்வது கல்லாவின் மேலிருக்கும் ஒரு சின்னப் பேசும் பெட்டி. ஜி.எஸ்.டி. கணக்கை ஏற்றுக்கொள்வதும் திருப்பியடிப்பதும் எங்கோ இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். இவை ஒவ்வொன்றின் உள்ளேயும் யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்து எழுதிய கட்டளைகள் ஓடுகின்றன. அந்தப் பிள்ளைக்குக் கல்லூரியில் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது நேராக நம் கல்லாவைத் தொடுகிற விஷயம்.

எவ்வளவு ஆழமாகத் தொடும் என்பதற்கு இங்கிலாந்தில் நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்கு நேர்ந்ததை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்த நாட்டில் கிராமத்துத் தபால் நிலையம் என்பது பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் மூலையில் இருக்கும் கவுண்டர்தான். ஒரு பக்கம் ரொட்டி, பால், பத்திரிகை. மறுபக்கம் ஸ்டாம்பு, பென்ஷன், மணியார்டர். அதை நடத்துபவர் அரசு ஊழியர் அல்ல. தன் சொந்தப் பணத்தைப் போட்டு, வங்கியில் கடன் வாங்கி, கடையை விலைக்கு எடுத்து, போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வியாபாரி. சப்-போஸ்ட்மாஸ்டர் என்று அவருக்குப் பெயர். நம்மூர் ஏஜென்சிக்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

1999-ஆம் ஆண்டு முதல் இந்தக் கவுண்டர்களுக்கெல்லாம் ‘ஹொரைசன்’ என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்தது. ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்துக்குச் சொந்தமான ஐ.சி.எல். என்ற கம்பெனி செய்து கொடுத்தது. அதுவரை சிட்டையும் பேரேடுமாக இருந்த கணக்கு திரைக்குள் போயிற்று. சில நாட்களிலேயே பல கடைகளில் ஒரு விசித்திரம் தொடங்கியது. மாலையில் ரொக்கத்தை எண்ணினால், கம்ப்யூட்டர் இருக்கிறது என்று சொல்லும் தொகைக்கும் கையில் உள்ள தொகைக்கும் துண்டு விழுந்தது. பழைய நோட்டாக இருந்தால் கணக்குப்பிள்ளை வரி வரியாக டிக் அடித்துக்கொண்டே போய் எங்கே சறுக்கியது என்று பிடித்துவிடுவார். இங்கே பிடிக்க வழி இல்லை. திரையில் தெரிவது முடிவு மட்டும். அது எப்படி வந்தது என்பது கடைக்காரருக்குத் தெரியாது. ஆனால் துண்டு விழுந்தால் கடைக்காரர்தான் தன் பையிலிருந்து கட்ட வேண்டும் என்று நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டியது.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் கடை வைத்திருந்தவர் ஜோ ஹாமில்ட்டன் என்ற பெண்மணி. இரண்டாயிரம் பவுண்டு குறைகிறது என்று உதவி எண்ணுக்குப் போன் செய்தார். அவர்கள் சொன்ன பொத்தான்களை அழுத்தினார். அவர் கண் முன்னாலேயே குறை நாலாயிரமாக இரட்டித்தது. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். கடைசியில் குறை 36,000 பவுண்டு என்றார்கள். திருட்டுக் குற்றச்சாட்டு போட்டு ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், பொய்க்கணக்கு எழுதினேன் என்று செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் திருடியிருப்பார் என்று நம்பாத ஊர்மக்கள் பணம் வசூலித்துக் கொடுத்தார்கள். லீ காசில்ட்டன் என்ற இன்னொரு வியாபாரி தொண்ணூறு தடவைக்கு மேல் உதவி எண்ணுக்கு அழைத்துப் பார்த்தார். பிரயோஜனம் இல்லை. சுமார் 25,000 பவுண்டு பாக்கி என்று அவர் மேல் சிவில் வழக்கு போட்டார்கள். 2007-இல் அவர் தோற்றபோது எதிர்த்தரப்புச் செலவுத் தொகையாக மட்டும் 3,21,000 பவுண்டு தலையில் விழுந்து மனிதர் திவாலானார்.

இந்தியாவில் பிறந்து அங்கே குடியேறிய சீமா மிஸ்ரா என்பவரின் கதை இன்னும் கொடுமை. சர்ரே மாவட்டத்து வெஸ்ட் பைஃப்ளீட் என்ற ஊரில் 2005-இல் கடையை வாங்கினார். 74,000 பவுண்டு திருடினார் என்று தீர்ப்பாகி 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை. அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். வயிற்றில் இரண்டாவது குழந்தை. சிறையிலிருந்து வெளியே வந்து, காலில் கண்காணிப்புப் பட்டையோடு அந்தக் குழந்தையைப் பெற்றார்.

இவர்களில் பலரிடமும் சொல்லப்பட்டது ஒரே வார்த்தை: இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான், வேறு எந்தக் கடையிலும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக அதை நம்பினார்கள். (சங்கம் என்ற ஒன்று எதற்கு என்று கேட்கும் நம் இளைய உறுப்பினர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.) வேல்ஸில் கடையை இழந்த ஆலன் பேட்ஸ் என்பவர் ஆண்டுக்கணக்கில் அலைந்து, சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்த்த பிறகுதான் வழக்கு வழக்காயிற்று. 555 பேர் சேர்ந்து வழக்காடினார்கள். 2019 டிசம்பரில் சமரசமாக 5 கோடியே 77 லட்சம் பவுண்டு கிடைத்தது; வழக்குச் செலவும், வழக்குக்குப் பணம் போட்டவர்களின் பங்கும் போக கைக்கு வந்தது சுமார் ஒரு கோடியே இருபது லட்சம்தான். அதே மாதம் உயர் நீதிமன்ற நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசனில் பிழைகள் உண்டு, அவை கடைக்கணக்கில் துண்டு விழச் செய்யக்கூடியவை என்று விரிவான தீர்ப்பு எழுதினார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ரத்து செய்தது. ஜோ ஹாமில்ட்டனும் சீமா மிஸ்ராவும் அதில் அடக்கம். 2024 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடராக வந்து நாடே கொதித்தபின், அதே ஆண்டு மே மாதம் பாராளுமன்றம் தனிச்சட்டம் போட்டு மற்றவர்களின் தண்டனைகளையும் மொத்தமாக நீக்கியது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் தண்டனை பெற்றவர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல். 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கையின் முதல் பகுதி, குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது.

இதில் முதல் பழி யாருக்கு என்று கேட்டால், கம்ப்யூட்டர் எழுதிய பையனுக்கு என்று நான் சொல்லமாட்டேன். போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்தின் அதிகாரிகளும் வக்கீல்களும், அந்நாட்டில் தாங்களே வழக்குத் தொடரலாம் என்றிருந்த உரிமையை வைத்துக்கொண்டு கடைக்காரர்களை விரட்டினார்கள். பெரிய பாவம் அவர்களுடையதே. ஆனால் அந்தப் பெரிய பாவத்துக்கு அடியில் ஒரு சின்னச் சங்கதி கிடக்கிறது. அது கம்ப்யூட்டர்க்காரர்களுடையது. தெரிந்த பிழைகளுக்கென்று ஒரு பதிவேடு ஃபுஜிட்சுவிடம் இருந்தது. இன்ன கடையில் இன்ன கோளாறு வந்தது என்று அதில் எழுதியிருந்தது. அது மட்டுமல்ல, கடைக்காரருக்குத் தெரியாமல் தொலைவில் இருந்தபடியே அவருடைய கணக்குக்குள் நுழைந்து ஒரு பதிவைச் சேர்க்கவும், அதைக் கடைக்காரரே போட்டது போலத் தோன்றச் செய்யவும் அவர்களால் முடியும் என்று நீதிமன்றம் கண்டது. ஆண்டுக்கணக்கில் அது முடியவே முடியாது என்று வெளியே சொல்லப்பட்டு வந்தது.

நம் கடைகளில் பழைய கணக்குப்பிள்ளைகள் புதிதாக வரும் பையனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது என்ன? பேரேட்டில் அழிக்காதே. தப்பாகப் போட்டால் ஒற்றைக் கோடு கிழி. கீழே இருக்கும் எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் உன் கையெழுத்தைப் போடு. இன்னொருவர் எழுதும் ஏட்டில் அவர் இல்லாதபோது கை வைக்காதே. இந்த மூன்று வார்த்தையும் அந்தக் கம்பெனியின் அறைக்குள் நடைமுறையாக இருந்திருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அங்கே இருந்தவர்கள் அரக்கர்கள் அல்ல. நன்றாகப் படித்தவர்கள், பெரும்பாலும் நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். அவர்கள் படித்த படிப்பில் பிழை என்றால் இயந்திரத்தின் பிழை. அந்தப் பிழையின் மறுமுனையில் ஒரு கடைக்காரர் ராத்திரி பதினோரு மணிக்கு நோட்டுகளை ஐந்தாவது தடவையாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இன்னொரு வழக்கு நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. தராசு பற்றியது என்றே சொல்லலாம், நடந்தது காரில் என்றாலும். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி டீசல் கார்களில் ஒரு புரோகிராமை வைத்தது. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் பார்த்து, இப்போது கார் சோதனைச் சாலையில் நிற்கிறதா, ரோட்டில் ஓடுகிறதா என்று அது கண்டுபிடிக்கும். சோதனை என்றால் புகையைச் சுத்தமாக விடும். ரோடு என்றால் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல 40 மடங்கு வரை நச்சுப்புகை விடும். முத்திரை போட ஆய்வாளர் வரும்போது மட்டும் சரியான எடை காட்டி, அவர் படி இறங்கியதும் கிலோவுக்கு ஐம்பது கிராம் விழுங்குகிற தராசு அது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு குழு ஒன்று காரை ரோட்டில் ஓட்டியே புகையை அளந்து பார்த்து 2014-இல் வெளியிட்டதில் சந்தேகம் கிளம்பியது. அரவிந்த் திருவேங்கடம் என்பவர் அக்குழுவில் ஒருவர். பெயரைக் கேட்டாலே நமக்கு ஊர் தெரியும். 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. 2017-இல் கம்பெனி அமெரிக்க அரசுக்கு 430 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜேம்ஸ் லியாங் என்ற என்ஜினியருக்கு 40 மாதச் சிறை.

இந்த வழக்கில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கம்பெனியே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட விவர அறிக்கையில், தொடக்கத்திலேயே சில ஊழியர்கள் இந்தப் புரோகிராம் கூடாது என்று ஆட்சேபித்தார்கள் என்று இருக்கிறது. மேலதிகாரி தொடரச் சொன்னார். மாட்டிக்கொள்ளாதீர்கள் என்ற பொருளில் எச்சரித்தும் அனுப்பினார். ஆக, தப்பு என்று தெரியாமல் செய்தவர்கள் அல்ல. தெரிந்தது, சொன்னார்கள், ஒரு அதட்டலில் அடங்கிவிட்டார்கள். தப்பு என்று தெரிவது வேறு, அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரிவது வேறு. யாரிடம் எழுத்துமூலம் கொடுப்பது, நகலை எங்கே வைப்பது, எந்த இடத்தில் என் கையெழுத்தைப் போடமாட்டேன் என்று நிற்பது, இதெல்லாம் பழகி வர வேண்டிய காரியம். இதைத்தான் கல்லூரி பழக்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் பொறியியல் கல்லூரிகளில் இது அறவே இல்லை என்று சொல்ல முடியாது. தொழில்நெறி என்றும் மனித விழுமியம் என்றும் பாடங்கள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தொழில்நெறிப் பாடம் வெகுநாளாக உண்டு; போபால், செர்னோபில், சாலஞ்சர் விண்கலம் ஆகியவை உதாரணங்கள்; கோல்பெர்க், கில்லிகன் ஆகியோரின் கொள்கைகள் உண்டு. எல்லாம் நல்ல சங்கதிதான். ஆனால் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மார்க் கேள்வி, பெரிய கேள்வி என்று பிரித்து, பரீட்சைக்கு முந்தின இரவு உருப்போட்டு எழுதிவிட்டு மறந்துவிடும் பேப்பர் அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கே சொன்னது போல இருக்கிறது. மற்ற பாடங்களில் புரோகிராம் எழுதிக்கொண்டே இருக்கிற பையனுக்கு, அந்தப் புரோகிராமும் இந்தப் பேப்பரும் ஒரே விஷயம் என்று யாரும் காட்டுவதில்லை.

கடையில் வேலைக்கு வரும் பையனுக்கு நாம் நேர்மை என்று தனியாக வகுப்பா எடுக்கிறோம்? தராசைக் கையில் கொடுக்கும்போதே, காலித்தட்டில் முள் நடுவில் நிற்கிறதா பார் என்கிறோம். சர்க்கரை கட்டும்போதே, காகிதத்தின் எடை சரக்கில் சேரக்கூடாது என்கிறோம். சில்லறை கொடுக்கும்போதே, குழந்தை வந்தால் இரண்டு தடவை எண்ணிக் கொடு என்கிறோம். வேலையும் நெறியும் அவனுக்கு ஒன்றாகவே கைக்கு வருகின்றன.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2017 முதல் கம்ப்யூட்டர் படிப்பில் செய்துவருவது ஏறக்குறைய இதுதான். பார்பரா கிராஸ் என்ற கம்ப்யூட்டர் பேராசிரியையும் ஆலிசன் சிமன்ஸ் என்ற தத்துவப் பேராசிரியையும் சேர்ந்து தொடங்கினார்கள். நெறிக்கென்று ஒரு பாடத்தை மட்டும் வைத்துவிட்டு ஓய்ந்துவிடாமல், ஏற்கெனவே இருக்கும் கம்ப்யூட்டர் பாடங்கள் பலவற்றுக்குள்ளும் ஓரிரு வகுப்புகளை நுழைத்தார்கள். தத்துவத் துறையில் ஆராய்ச்சி செய்பவர் ஒருவர், அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி, அன்றைய பாடத்திலேயே எழும் நெறிக்கேள்வி எது என்று முடிவு செய்கிறார். அதற்கு வீட்டுப்பாடமும் உண்டு. பிறகு ஸ்டான்ஃபோர்டு முதலிய இடங்களும் இந்த வழியை எடுத்துக்கொண்டன. பெரிய செலவு இல்லாத ஏற்பாடு. இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரு மேஜையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நம் கல்லூரிகளில் அதுதான் பெரிய செலவு என்று ஒரு நண்பர் சொன்னார், அதையும் மறுப்பதற்கில்லை.

நடைமுறையில் எப்படி இருக்கும்? தகவல்தளம் பற்றிய வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஹொரைசனில் 2015-இல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் என்ற ஊர்க் கவுண்டரில் நடந்தது ஒன்று. 8,000 பவுண்டு ரொக்கம் வந்ததைப் பதிவு செய்யும்போது திரை உறைந்து நின்றது. அந்த அம்மாள் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினார். நாம் யாராக இருந்தாலும் அழுத்துவோம். ஒவ்வொரு அழுத்தலையும் தனி வரவாக எடுத்துக்கொண்டு 32,000 வந்ததாகக் கணக்கு எழுதியது கம்ப்யூட்டர். கையில் 24,000 குறைகிறது! ஒரே கட்டளை நாலு தடவை வந்தால் ஒரே தடவையாகக் கொள்வது எப்படி என்பது தகவல்தளப் பாடத்தில் எப்படியும் வரும் சமாச்சாரம். அந்த வகுப்பில் ஆசிரியர் கூடவே ஒன்று கேட்க வேண்டும்: இது தவறினால் அந்த 24,000-ஐ யார் கட்டுவது? கட்ட வேண்டியவருக்கு, தவறு என்னுடையது அல்ல என்று காட்ட உன் புரோகிராமில் ஏதாவது தாள் கிடைக்குமா? இந்தக் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை எழுதும் புரோகிராம் வேறு மாதிரிதான் இருக்கும்.

சோதனை முறைகள் பற்றிய வகுப்பில் அந்த டீசல் காரை வைக்கலாம். வரிசைப்படுத்துதல் என்பது முதலாண்டுப் பாடம். எந்தச் சரக்கை முதலில் காட்டுவது என்பது பெரிய தேடுபொறிகளின் மூச்சு. தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே தூக்கி, மற்றவர்களுடையதைக் கீழே தள்ளியதற்காக கூகுள் நிறுவனத்துக்கு 2017-இல் ஐரோப்பிய ஆணையம் 242 கோடி யூரோ அபராதம் போட்டது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கடைக்கு முன்னால் எந்தச் சரக்கை அடுக்குவது என்பது நமக்குத் தெரிந்த சாஸ்திரம். ஊருக்கே பொதுவான கடைத்தெருவில் இன்னொருவன் கடைக்குப் போகும் வழியை மறைத்துப் பந்தல் போடுவது வேறு. அந்த வித்தியாசம் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வரிசைப்படுத்தும் பாடத்தோடு சேர்ந்தே புரிய வேண்டும்.

சிலர் சொல்வார்கள்: நெறி என்பது தாய் தகப்பனிடம் கற்பது, கல்லூரியில் வருமா? வீட்டில் கற்காதவனுக்கு வராதுதான். ஆனால் வீட்டில் கற்றவனுக்கும் இந்தப் புதுத் தொழிலில் பாவம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. திருடாதே என்று அப்பா சொன்னார். மற்றவர் கணக்கில் அவர் பெயரில் ஒரு பதிவைச் சேர்க்காதே என்று அப்பா சொல்லியிருக்கமாட்டார். அவருக்கு அப்படி ஒன்று முடியும் என்றே தெரியாது. பாடத்துக்கே நேரம் போதவில்லை என்பது இன்னொரு ஆட்சேபம். ஒரு பருவத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்காது என்றால் அதை நான் ஏற்கவில்லை. முதலாளி சொன்னால் சம்பளக்காரப் பையன் என்ன செய்ய முடியும் என்பதுதான் கனமான கேள்வி. லியாங் சிறைக்குப் போனதை மேலே பார்த்தோம். சம்பளக்காரன் என்ற பதில் நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றவில்லை.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த நம் நாட்டின் புதிய சாட்சியச் சட்டத்தில், கம்ப்யூட்டர் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவர 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதி நிபுணர் கையெழுத்திட வேண்டியது. இங்கிலாந்திலோ 1999-இல் போட்ட சட்டத்தால், கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்று காட்ட வேண்டிய கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். வேறு விதமாகக் காட்டும்வரை அது சரியென்றே நீதிமன்றங்கள் கொண்டன. மேலே சொன்ன சின்னக் கடைக்காரர்கள் மாட்டிக்கொண்டது அந்த வலையில். நாளைக்கு நம் கடை வழக்கு ஒன்றில் அந்தச் சான்றிதழில் கையெழுத்திடப் போவது இன்று கல்லூரியில் இருக்கும் பிள்ளை. படித்துப் பார்த்து, சோதித்து, கையெழுத்திடுவாரா? கேட்ட இடத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாரா?

நம் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை இல்லாவிட்டால் வழக்குப் போடுகிறார்கள். பில் போடும் புரோகிராமுக்கு யார் முத்திரை வைக்கிறார்கள்? யாரும் இல்லை. வைக்கிற வரைக்கும் அதை எழுதுகிறவன் மனசாட்சிதான் முத்திரை. அதனால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கலாம். பில் மெஷின்காரரைக் கூப்பிட்டு, ‘தம்பி, ராத்திரி ஒரு பொத்தானை அமுக்கினால் நாலு பில் மறைந்துபோகிற மாதிரி ஏதாவது செய்துகொடேன்’ என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உணவு விடுதிகளில் இந்த வித்தை பெருகிப்போய், 2010-2011-இல் எல்லா விடுதிகளிலும் பில்லைப் பூட்டிப் பதிவு செய்யும் அரசுப் பெட்டியை வைக்கச் செய்தார்கள். யோக்கியமான கடைக்காரனும் சேர்ந்து அந்தப் பெட்டிச் சுமையைத் தூக்கினான். இரண்டாம் நம்பர் கணக்குக்கு இன்று பொத்தான் வைத்துக்கொடுக்கும் பையன், நாளை நம் மொத்த வியாபாரி கேட்டால் நமக்கு எதிராகவும் ஒரு பொத்தான் வைத்துக்கொடுப்பான். கேட்கிறவனைப் பார்த்து நெறி மாறுகிற ஆளை நாமே தயார் செய்துவிட்டு, கல்லூரியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

செய்யக்கூடியது என்ன? நம்மிடம் மற்ற ஊர் வியாபாரிகளிடம் இல்லாத ஒரு பிடி இருக்கிறது. மகமை வைத்துப் பள்ளியும் கல்லூரியும் கட்டிய மரபு நம்முடையது. விருதுநகர் முதலிய ஊர்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த காசில் எழுந்த கல்வி நிலையங்கள் இன்றும் நிற்கின்றன. இப்படிப்பட்ட கல்லூரிகளின் நிர்வாகக் குழுக்களில் நம் சங்கத்து உறுப்பினர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைவாய்ப்பு எத்தனை சதவீதம், கட்டடம் எப்போது முடியும் என்று கேட்கும் அதே கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைக்கலாம்: கம்ப்யூட்டர் துறையில் ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு மணி நேரம், அந்தப் பாடத்தாலேயே பாதிக்கப்படக்கூடிய மனிதரைப் பற்றிய பாடம் இருக்கிறதா? தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இதைச் சேர்க்கத் தாங்களே வழி உண்டு. மற்றவை பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டியிருக்கும். பாடத்திட்டத்தைத் தொடாமல், ஆசிரியர் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் உதாரணத்தை மாற்றுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

இன்னொரு யோசனையும் உண்டு. பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் பயிற்சி என்று கம்பெனி கம்பெனியாக அலைகிறார்கள். பலர் சான்றிதழை மட்டும் விலைக்கு வாங்கி வருகிறார்கள் என்று கேள்வி. அவர்களில் நாலு பேரை ஒரு வாரத்துக்கு நம் கடைகளுக்கு அனுப்பச் சொல்லலாம். பகலில் வேண்டாம், பகலில் நமக்கு நேரம் இருக்காது. ராத்திரி கடையை இறக்கும் நேரத்தில் வரட்டும். ரொக்கத்தை எண்ணி, பில் மெஷின் சொல்லும் தொகையோடு ஒத்துப் பார்க்கும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரட்டும். முந்நூறு ரூபாய் துண்டு விழுகிற நாளாகப் பார்த்து வந்தால் இன்னும் நல்லது. அது எங்கே போயிற்று என்று அந்தப் பிள்ளையே அந்த மெஷினைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஆர்வமுள்ள உறுப்பினர்கள் தங்கள் கடைப் பெயரைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்தால், அருகிலுள்ள கல்லூரிகளுக்கு எழுதும்போது வசதியாக இருக்கும்.